பிணம் கேட்ட கேள்வி

சாமளாபுரத்துக்கு வந்து தறிக்கார வெள்ளையன் வீடு எது என்று கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அந்த ஊரில் தறிக்காரர் அல்லாதவர் யார்? பேய் நாடகம் பார்க்கிற வெள்ளையன் என்று கேட்க வேண்டும். டீக்கடையில் வடையைப் பிட்டுக்கொண்டிருப்பவர்கூட எழுந்து வந்து கை காட்டிவிடுவார்.

இந்தப் பட்டப்பெயர் மேல் வெள்ளையனுக்குக் கோபம் கிடையாது. அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிறார்களே என்பதுதான் கோபம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அடுத்தவன் தறிக் குடோனில் நூலைத் தார்க்குச்சியில் சுற்றி வளர்ந்தவர். இன்று கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் வரிசை கட்டி ஓடுகிற விசைத்தறி அத்தனையும் அவருடையது. "இந்தக் குடோன்ல ஒரு செங்கல்லுகூட எங்கப்பன் வெச்சதில்லீங்க. பூராவும் நான் வெச்சது" என்பார். காதர்பேட்டைக்குப் பனியன் எடுக்க வந்து, வழி தவறி உள்ளே நுழைந்துவிட்ட ஒரு வடநாட்டு வியாபாரியிடமும் இதைச் சொல்லி முடித்த பிறகுதான் வழி சொன்னார். அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது என்பது வேறு விஷயம்.

தறி ஓடுகிற குடோனுக்குள் பேச்சு என்பது கிடையாது. காதோரம் வாயை வைத்துக் கத்தினாலும் காற்றுதான் வரும். அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைப்பார்கள்; எதிர்வரிசையில் நிற்பவர் அதைப் பார்த்துப் பதில் சொல்வார். நூல் அறுந்ததும், மகளுக்கு மாப்பிள்ளை அமைந்ததும், முதலாளியைத் திட்டுவதும் எல்லாம் அப்படித்தான். சின்ன வயதிலிருந்தே குடோனில் கிடந்தவர்கள் ஆளின் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள். வாயைத்தான் பார்ப்பார்கள்.

இந்த வித்தையில் வெள்ளையனுக்குச் சமானம் வெள்ளையன்தான் என்பது அவர் கட்சி. கல்யாண மண்டபத்தில் மேடையில் உட்கார்ந்தபடி, கடைசிப் பந்தியில் இருப்பவர் ரசத்தைப் பற்றி என்ன சொன்னார் என்று சொல்லிவிடுவார். அவர் மனைவி ராமாத்தாள் பிறந்த வீட்டாரோடு போனில் பேசும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வதற்கு இதுதான் காரணம். பார்க்கிறவர்கள் பல்வலி என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவர் பார்க்கிற நாடகத்தின் பெயர் 'ஊமத்தங்காடு'. வாரம் ஒரு ஊர், வாரம் ஒரு பேய். ராத்திரி ஒளிபரப்பை அவர் பார்ப்பதில்லை. கோழி கூப்பிடும் முன்னால் எழுகிறவருக்கு ராத்திரி கண் நிற்காது. மறுநாள் மதியம் திரும்பப் போடுவதை, குடோன் ஓரத்தில் கண்ணாடி வைத்த ஆபீஸ் அறையில் உட்கார்ந்து பார்ப்பார். சத்தத்தைக் கூட்டி வைத்தும் பிரயோஜனம் இல்லை என்பதால் சத்தமே வைக்க மாட்டார். அந்த நேரத்தில் தறிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடிக்கு வெளியே வந்து எட்டிப் பார்ப்பார்கள். நாடகத்துக்காக அல்ல. முதலாளி சொல்லுகிற கதைக்காக.

நடிகர்கள் வாயால் சொல்வது ஒன்று, பிறகு குரல் கொடுத்துச் சேர்ப்பது ஒன்று. ஊருக்கெல்லாம் அந்தக் குரல்தான் கேட்கும். வெள்ளையனுக்குத் தெரிவது வாய். "அந்த இந்திக்காரப் பிள்ளை வசனம் பேசுதுன்னு நெனைக்கறீங்களா? ஏக், தோ, தீன்னு எண்ணிக்கிட்டு நிக்குது" என்பார். "இந்தப் பேய் பாரு, காவு குடுன்னு கேக்கறதாட்டக் கையை நீட்டிட்டு, இட்லி வந்துருச்சான்னு கேக்குது." தறிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இருந்தாலும் ஒரு வாரம்கூட அவர் பார்க்காமல் விட்டதில்லை. சிரிக்கிற அதே நேரத்தில் கை மயிர் சிலிர்த்து நிற்கும். அதை மேல்துண்டால் மறைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட வெள்ளையன், ஒரு நாள் மதியம், ஓடிக்கொண்டிருந்த தறி முழுவதையும் மெயின் சுவிட்சைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரே தங்கச்சி, மயிலாத்தாள். அப்பன் இல்லாத பிள்ளைகள் இரண்டு பேரும் அம்மாவோடு சேர்ந்து ஒரே குடோனில் வேலை பார்த்தவர்கள். அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி வந்து குரல் போய்விட்டது. ஊரார் ஊமை என்றார்கள். பிள்ளைகளுக்கு அம்மா ஊமை இல்லை. உதட்டைப் பார்த்தே எல்லாம் பேசிக்கொண்டார்கள். சாகிற அன்றைக்கு அந்த அம்மா வாசலைப் பார்த்தபடியே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்: "பொறந்தவன் வந்தாச்சா?"

கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ கோடித்துணி கொண்டுவந்து போர்த்த வேண்டும். அது வராமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். அம்மாவின் அண்ணன் அப்போது கரும்பு வெட்டப் போயிருந்தார். சேதி போய், அவர் வந்து சேர்வதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. வாசலில் நுழைகிறபோதே, "வந்துட்டேன் அம்மிணி, வந்துட்டேன் அம்மிணி" என்று சொல்லிக்கொண்டே ஓடிவந்தார். அம்மாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, அம்மிணிதான். கேட்டவள் காது அதற்கு முன்பே அடைத்துப் போயிருந்தது. அம்மா கடைசியாகக் கேட்டது இன்னது என்று மாமனிடம் அண்ணனும் சொல்லவில்லை, தங்கச்சியும் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதர் தாங்க மாட்டார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

மயிலாத்தாளைக் காங்கேயத்துக்கு அந்தப் பக்கம் தோப்பு வீட்டில் கட்டிக்கொடுத்தார் வெள்ளையன். குறை வைக்காமல் செய்தார். அதை இன்றும் அவரே சொல்வார். அவள் மகளுடைய கல்யாணத்தில்தான் எல்லாம் கெட்டது. தாய்மாமனுக்குத் தலைப்பாகையாக உருமாலை கட்டுகிற சீர். மாமன் வெள்ளையன் அந்த நேரத்தில் அவசர ஆர்டருக்குத் தறியில் பாவு நூல் பிணைத்துக்கொண்டிருந்தார். முகூர்த்தம் தவறிவிடும் என்று பெரியவர்கள் நெருக்க, மயிலாத்தாள் பங்காளி முறையில் ஒருவருக்கு உருமாலை கட்டவைத்துவிட்டாள். சீர்த்தட்டோடு உள்ளே வந்த வெள்ளையன் அடுத்தவன் தலையில் உருமாலையைப் பார்த்தார். தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு, "இனி இந்த வாசல்ல என் கால் படாது" என்று திரும்பினார். பந்தல் முழுக்கக் கேட்க மயிலாத்தாள் சொன்னாள்: "வேண்டாம். எம்பொணத்துக்குக்கூட உங்க கோடி வேண்டாம்."

அவளுக்கும் வாய் நீளம். ஒரே வயிறு.

அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. அவள் புருசன் இறந்தபோது ராமாத்தாள் மட்டும் போய்வந்தாள். வெள்ளையன் வீட்டில் தங்கச்சி பெயரை எடுப்பவர் கிடையாது. சொந்தக்காரர் வீட்டுச் சாவு எதற்காவது போனால் மட்டும், கோடித்துணி வரும்போது அவர் எழுந்து வெளியே போய் நின்றுகொள்வார். வெளியே நின்று தன் தறியைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருப்பார்.

அந்த வார ஊமத்தங்காட்டுக் கதை கோடியைப் பற்றியது. ஒரு தோப்பு வீட்டில் ஒரு அம்மாள் சாகிறாள். பிறந்தவன் கோடி கொண்டுவரவில்லை. சரி, அது இல்லாமலே எடுத்துவிடலாம் என்று ஊர் முடிவு செய்கிறது. தூக்கப் போனால் பிணம் கனக்கிறது. எட்டுப் பேர் சேர்ந்தும் பலகையிலிருந்து நகர்த்த முடியவில்லை.

"எவனோ வெவரம் தெரிஞ்சவன் எழுதியிருக்கறான்" என்றார் வெள்ளையன் கண்ணாடிக்கு வெளியே பார்த்து. வெளியே நின்றவன் மாரிச்செல்வம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இருபது வயதிலிருந்து இதே குடோனில் தறி ஓட்டுகிறவன். இப்போது அவனுக்கே பேரன் இருக்கிறான். அவனும் உதடு பார்ப்பதில் லேசுப்பட்டவன் இல்லை.

படத்தில் ஒப்பாரி வைக்கிற பெண்களைக் கடந்து காட்சி மெதுவாக உள்ளே போனது. மரத்தூண், ஓட்டுக்கூரை, கூடத்தின் நடுவில் விசுப்பலகை. அந்தத் தூணில் ஒரு வெட்டு இருந்தது. அந்த வெட்டு வெள்ளையனுக்குத் தெரியும். சீர்வரிசைப் பீரோவை உள்ளே ஏற்றும்போது இடித்தது.

பலகையில் கிடந்தது மயிலாத்தாள்.

தாடைக்கட்டு, நெற்றியில் காசு, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. கிழவியாகியிருந்தாள். முகம் வற்றி, கன்னம் உள்ளே போய், அச்சு அசல் அம்மா. வெள்ளையன் துண்டை எடுக்கவில்லை. கை மயிர் நின்றது நின்றபடி இருந்தது.

அப்போது பிணத்தின் வாய் அசைந்தது.

தாடைக்கட்டு இறுக்கிப் பிடித்திருந்தாலும் உதடு மூடித் திறந்தது. பொ. பிறகு நாக்கு மேலே தொட்டது. கீழ் உதடு பல்லில் பட்டு விலகியது. ஓடுகிற தறிக்கு நடுவே நின்று அவர் அறுபது வருசமாகப் படித்த பாஷை அது. ஒரு எழுத்துத் தப்பவில்லை.

பொறந்தவன் வந்தாச்சா?

காட்சி வேறு பக்கம் போய்விட்டது. வெள்ளையன் கண்ணாடியைப் பார்த்தார். மாரிச்செல்வம் சிரிக்கவில்லை. அவன் உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது: "மொதலாளி, பொணம் என்னமோ கேட்டுச்சுல்லா? பொறந்தவன் வந்தாச்சான்னு கேட்டுச்சு."

அப்போதுதான் வெள்ளையன் எழுந்து போய் மெயின் சுவிட்சை இழுத்தார். அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்றது. ஊடை நூலோடு ஓடுகிற நாடாக்கள் அங்கங்கே பாதி வழியில் கிடந்தன. பகலில் அந்தக் குடோன் அப்படி அமைதியாக இருந்து அங்கே யாரும் பார்த்ததில்லை. தறிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆபீஸ் அறைக்குத் தனி லைன் என்பதால் தொலைக்காட்சியில் ஒப்பாரி ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. சத்தம் வைக்காததால் அதுவும் வாய்தான். பத்துப் பெண்களின் திறந்த வாய்.

வீட்டுக்குள் போய் ராமாத்தாளைக் கேட்டார். "மயிலாத்தாளுக்கு என்ன ஆச்சு?"

வருசக்கணக்கில் அந்தப் பெயரை அவர் வாயில் கேட்டிராத ராமாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒண்ணும் ஆவலீங்களே. ஏனுங்க?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"வாரத்துக்கு ஒருக்காப் பேசுவனுங்க. ஷூட்டிங்குக்கு ஊட்டைக் கேட்டாங்க, குடுத்தேன்னு சொல்லீட்டிருந்தா. ஒடம்புக்கு முடியலைன்னும் சொன்னா. இப்ப பத்து நாளா நானும் கூப்புடலை."

"கூப்புடு."

மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை. பின்னும் அடித்து அடித்து அதுவாக நின்றது. ராமாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். இந்த முறை அது ரகசியத்துக்காக இல்லை.

வெள்ளையன் சட்டையை மாட்டினார். மாட்டும்போதே அவருக்கு அந்தச் சிக்கல் வந்துவிட்டது. செத்தவள் வீட்டுக்குப் பிறந்தவன் வெறுங்கையோடு போகக் கூடாது. உயிரோடு இருப்பவள் வீட்டுக்குக் கோடியோடு போகக் கூடாது. அவள் செத்துக்கிடந்து, சொல்லி அனுப்பாதே என்று சொல்லிவிட்டும் செத்திருந்தால்? அவள் அப்படிச் சொல்லக்கூடியவள்தான். இவர் வெறுங்கையை வீசிக்கொண்டு போய் நின்றால், ஊர் சனம் ஒரு கடைக்கு ஓடித் துணி எடுத்துவந்து கையில் கொடுக்கும். தறிக்கார வெள்ளையன் தங்கச்சிக்கு, கடைத் துணி.

குடோனுக்குப் போய், மடித்து அடுக்கியிருந்த வெள்ளைத் துணியில் மேலாக இருந்த ஒரு பீஸை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். புருசனை இழந்தவளுக்கு வெள்ளைதான் கோடி.

"அது எதுக்குங்க?" என்றாள் ராமாத்தாள் வாசலில்.

"மழை வந்தாப் பொத்திக்கறதுக்கு."

வெயில் அப்போது கொளுத்திக்கொண்டிருந்தது.

காரை மாரிச்செல்வம் ஓட்டினான். பயத்தால் அல்ல, மூக்குக்கண்ணாடி கொண்டுவர மறந்துவிட்டதால்தான் அவனை ஓட்டச் சொன்னேன் என்று வெள்ளையன் இன்றைக்கும் சொல்வார்.

பல்லடம் தாண்டியது. பிறகு மாரிச்செல்வம்தான் பேச்சை ஆரம்பித்தான். "மொதலாளி, நான் ஒண்ணு சொல்லட்டா? நடிக்கவங்க வாயசைக்கத்தான செய்வாவ. அது கதையில உள்ளதா இருக்கும்."

"கதையில உள்ளதுன்னா குரல் குடுத்திருப்பான். ஊரெல்லாம் கேட்டிருக்கும்."

"சத்தம் வெச்சுப் பாக்கலைலா நாம?"

வெள்ளையன் அவனைப் பார்த்தார். அது நியாயம்தான். மாரிச்செல்வம் ஓரமாக வண்டியை நிறுத்தி, செல்போனில் அந்தக் கதையைத் தேடி எடுத்து, சத்தத்தைக் கூட்டி, அந்த இடத்தை ஓடவிட்டான். ஒப்பாரி கேட்டது. பறை கேட்டது. பிணத்தின் உதடு அசைந்தது. அதற்குக் குரல் இல்லை. கீழே பார்த்தவர்கள் எழுதியிருந்ததை மாரிச்செல்வம் எழுத்துக் கூட்டிப் படித்தான். "பொணம் வெத்தலை போடுதுன்னு ஒருத்தன் எழுதியிருக்கான். கொட்டாவி விடுதுன்னு ஒருத்தன்." அவன் போனை அணைத்து மேல்பையில் போட்டுக்கொண்டான். "நாம பாக்காமலே வந்திருக்கலாம், மொதலாளி."

வழி நெடுகிலும் வெள்ளையனுக்கு வாய்களாகத் தெரிந்தன. சிக்னலில் பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னலோரம் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். கேட்காது, உதடு தெரிந்தது. "வந்தாச்சா?" யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான். இருந்தாலும் வெள்ளையன் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார். காங்கேயம் நெருங்கியதும், களங்களில் காயப்போட்ட தேங்காய்ப் பருப்பின் வாசம் உள்ளே வந்தது. வேலியோரம் கட்டியிருந்த காளை ஒன்று அசைபோட்டுக்கொண்டு இவர்களையே பார்த்தது. வெள்ளையன் அதன் வாயிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

தோப்பு வீட்டு முன்னால் கூட்டம் இல்லை. பந்தல் இல்லை. அதற்காக அவருக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். ஆனால் வாசலோரம் பாடை நின்றது.

பச்சை மூங்கில் பாடை. இப்போது காய்ந்து பழுத்திருந்தது. சுவரில் சாய்த்து வைத்து, அதன்மேல் அவரைக்கொடி ஏற்றிவிட்டிருந்தார்கள். கொடி பூத்திருந்தது.

"ஷூட்டிங்காரன் உட்டுட்டுப் போனதா இருக்கும்" என்றான் மாரிச்செல்வம். அவன் காரை விட்டு இறங்கவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க மொதலாளி. நான் வண்டியப் பாத்துக்கிடுதேன்." அந்தத் தோப்பில் வண்டியைத் திருட அணில்தான் வரவேண்டும்.

கதவு திறந்திருந்தது. வெள்ளையன் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்று, "ஊட்ல ஆருங்க?" என்றார். சொந்தத் தங்கச்சி வீட்டில் அப்படிக் கேட்க வேண்டியதாகிவிட்டது. பதில் இல்லை. எங்கோ உள்ளே செல்போன் ஒன்று அடித்தது; அடித்து நின்றது. ராமாத்தாள் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

வாசற்படியைத் தாண்டிக் கால் வைத்தார். படாது என்று சொன்ன கால்.

கூடத்தில் மரத்தூண், தூணில் வெட்டு, நடுவில் அதே விசுப்பலகை. அதன்மேல் மார்பு வரை போர்த்திக்கொண்டு, கைகளை மேலே வைத்து, மல்லாக்கக் கிடந்தாள் மயிலாத்தாள். கண் மூடியிருந்தது. தாடைக்கட்டு மட்டும்தான் இல்லை.

அவர் கிட்டே போகவும் இல்லை, பின்னால் நகரவும் இல்லை. மூச்சு இருக்கிறதா என்று மார்பைத்தான் பார்க்க வேண்டும். பழக்கம் விடுமா, வாயைப் பார்த்தார்.

வாய் அசைந்தது. சத்தமில்லாமல், நிதானமாக. பொறந்தவன் வந்தாச்சா?

"வந்துட்டேன்" என்றார் வெள்ளையன். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னார். "வந்துட்டேன் புள்ள."

மயிலாத்தாள் கண்ணைத் திறந்தாள். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பினாள்.

"ஆரது? ... அண்ணனா?" எழுந்து உட்கார்ந்து தலைமுடியை அள்ளி முடிந்தாள். "வாங்க. ஏனுங்ண்ணா, நின்னுட்டே இருக்கறீங்க? ஊட்ல நங்கையா நல்லா இருக்கறாங்களா?" ஏதோ போன வாரம் வந்துபோனவரிடம் பேசுவதைப்போலக் கேட்டாள். வெள்ளையன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்புள்ள, போன் எடுக்கறதில்லையா?"

"அது அரிசி மூட்டைக்குப் பின்னால உளுந்து கெடக்குது. ஆளு வந்தாத்தான் எடுக்கோணும். எனக்கு இடுப்பு வளையறதில்லை."

"சாகக் கெடக்கறயோன்னு வந்தேன்."

"அப்படீன்னாத்தான் வருவீங்களாக்கும்."

வெள்ளையன் அவளிடம் நாடகத்தைச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிணமாகப் படுக்க ஏற்பாடு செய்திருந்த நடிகை கடைசி நேரத்தில் மாட்டேன் என்று போய்விட்டாளாம். ஊரில் ஒருத்தியும் படுக்க மாட்டேன் என்றாளாம். "இடுப்புவலிக்கு மத்தியானம் சித்த நேரம் படுக்கோணும்னு நானே இருந்தேன். எம்பட பலகை, எம்பட ஊடு. நான் படுக்கறனுங்கன்னு சொன்னேன். படுத்ததும் தூங்கிப்போனனுங்ண்ணா. முடிஞ்சதும் எழுப்பி உட்காரவெச்சு, சிரிங்கம்மா, சிரிங்கம்மான்னு ஒரு படம் புடிச்சாங்க. பொணமா நடிச்சா அப்படி ஒண்ணு எடுத்துத் தோசம் கழிப்பாங்களாமா."

"தூக்கத்துல பேசினயா?"

"நான் தூக்கத்துல பேசறதில்லை."

"பேசினே. இப்பவும் பேசினே. என்ன கேட்டேன்னு தெரியுமா?"

சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதனால் குடோனில் சொல்வதைப்போலச் சொன்னார், சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்து. மயிலாத்தாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து முடித்ததும் அவள் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"அது நான் கேட்டதில்லீங்ண்ணா" என்றாள். "அது அம்மா கேட்டது."

இரண்டு பேரும் வாசலைப் பார்த்தார்கள். வெயிலில் பாடையின் நிழல் படி வரைக்கும் நீண்டு கிடந்தது, அவரைப்பூ நிழலோடு.

"ஷூட்டிங்குக்குப் படுத்திருந்தப்ப ஒண்ணு மட்டும் நெனப்பிருக்குது" என்றாள் மயிலாத்தாள். "காதுக்குள்ள தறிச் சத்தம். தடக்குத் தடக்குன்னு. நாம வேலை செஞ்ச குடோனாட்ட. எங்கூர்ல தறியே இல்லீங்ண்ணா."

அவள் அப்போதுதான் அவர் கக்கத்தைப் பார்த்தாள்.

வெள்ளையன் கையைப் பின்னால் கொண்டுபோனார். அது ஒளிக்கிற அளவில் இல்லை. வெள்ளையாக ஒரு முனை தொங்கியது. மாமியார் வீட்டில் திருடி அகப்பட்ட மருமகனைப்போல நின்றார். சாமளாபுரத்தில் அவர் அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை.

"என்னதுங்க அது?"

"ஒண்ணுமில்ல. நம்ம தறித் துணி. எத்தனை நெருக்கமா ஓட்டியிருக்குது பாரு, வெளிச்சம் உள்ள போவாது. ஈரோட்டுக்காரன் அசந்து போய்ட்டான்."

"கோடியா?"

அவர் தொங்கிய முனையை உள்ளே மடித்தார்.

உயிரோடு உட்கார்ந்திருப்பவளுக்கு அண்ணன் கோடி கொண்டுவந்திருக்கிறான். திருப்பி எடுத்துப்போனால், கிளம்பிய கோடி திரும்பிய வீட்டில் வேறு யாருக்கோ அது வேண்டிவரும் என்பார்கள். ராமாத்தாள் இருக்கிறாள் அங்கே. இங்கே வைத்தால் இவளுக்கு. வெள்ளையன் அந்தத் துணியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். எத்தனை பாவு கண்ட கை. இந்த ஒரு துணியை எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை.

மயிலாத்தாள் தூணைப் பிடித்து எழுந்தாள். சமையலறைக்குள் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"நான் அன்னிக்குப் பந்தல்ல என்ன சொன்னேன்?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க. உங்களுக்கு நல்லாவே நெனப்பிருக்கும்."

"உம்பொணத்துக்குக்கூட எங்கோடி வேண்டாம்னே."

"பொணத்துக்குத்தான் வேண்டாம்னேன்" என்றாள் அவள். "நான் பொணமில்லீங்களே. நாலு மூலைக்கும் மஞ்சள் வெச்சுக் குடுங்க. சீர்த்துணியா வாங்கிக்கறேன்."

அவர் மஞ்சளைத் தொட்டு ஒவ்வொரு மூலையாக வைத்தார். கடைசி மூலையில் விரல் நின்றது. "உருமாலை அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தார்.

"பாவு பிணைச்சுட்டு இருந்தீங்க. தெரியும். வையுங்க மஞ்சளை."

அவள் அதை வாங்கித் தலையில் துண்டாகப் போட்டுக்கொண்டாள். மஞ்சள் முனை நெற்றியோரம் தொங்கியது. அதுதான் அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வெகுகாலம் கழித்து வந்த துணி. அழுகை, கட்டிப்பிடித்தல் எல்லாம் அந்த வீட்டில் நடக்கவில்லை. "உட்காருங்க, சோறு போடறேன்" என்றாள், போட்டாள். கொள்ளு ரசத்தை இரண்டு தரம் வாங்கி ஊற்றிக்கொண்டார் வெள்ளையன். வெளியே இருந்த மாரிச்செல்வத்துக்கு இலையில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு வாங்கிக்கொண்டான்.

சாப்பிட்ட பிறகு வெள்ளையன் நாற்காலியில் சாய்ந்து, புதுக் குடோன் எங்கே கட்டப் போகிறார், அதற்கு எந்த ஊர்த் தச்சனைக் கூப்பிடப் போகிறார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மின்விசிறி சுற்றியது. எப்போது கண்ணை மூடினார் என்று அவருக்குத் தெரியாது.

யாரோ தோளைத் தொட்டார்கள். மயிலாத்தாள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். வெயில் படியிலிருந்து இறங்கிவிட்டிருந்தது. வெள்ளைத் துணி இன்னும் அவள் தலையில் இருந்தது.

"அண்ணா, தூக்கத்துல பேசினீங்க."

"நானா? நான் பேசறதில்லை."

"சத்தம் வரலீங்க. வாய் மட்டும்." அவள் குரலும் இறங்கியிருந்தது. "வந்துட்டேன், வந்துட்டேன்னு சொல்லீட்டே இருந்தீங்க."

"அதுதான் வந்ததும் உங்கிட்டச் சொன்னனே. அதே நெனப்புல சொல்லியிருப்பேன்."

"எங்கிட்ட நீங்க புள்ளைன்னுதான் சொல்லுவீங்க." மயிலாத்தாள் அவர் வாயைப் பார்த்தபடியே சொன்னாள். "இப்ப, வந்துட்டேன் அம்மிணின்னு சொன்னீங்க."

வெள்ளையன் பெருமையடித்துக்கொள்வதற்கு எதுவும் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மிணி என்று அவர் பிறந்ததிலிருந்து யாரையும் கூப்பிட்டது கிடையாது. கூப்பிடுகிற ஒரே ஆள், கரும்பு வெட்டிய கையோடு, வெயில் சாய்கிற நேரத்தில், வாசலில் ஓடிவந்து நின்ற மாமன்.

கூடத்து நடுவில் விசுப்பலகை காலியாகக் கிடந்தது. போர்வை ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மயிலாத்தாள் மெதுவாக அந்தப் பக்கம் திரும்பினாள். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் வெள்ளையனால் படிக்க முடிந்தது.

கேட்டுக்கிட்டீங்களாம்மா?

இருட்டுகிற வரைக்கும் அண்ணனும் தங்கச்சியும் அந்தக் கூடத்தில்தான் இருந்தார்கள். நாற்காலி ஒன்றுதான். மாற்றி மாற்றி அதில் உட்கார்ந்தார்கள். பலகையில் இரண்டு பேரும் உட்காரவில்லை.